அத்தியாயம் 3: முதலில் இரும்பு, அப்புறம் வால்வு

வால்வு ஆம்ப்ளிஃபையர் கட்ட ஆசைப்படுகிற புதியவர் முதலில் தேடுவது வால்வைத்தான். கண்ணாடிக்குள் சிவப்பாக எரியும், பெயர் சொல்லிப் பெருமைப்படலாம். ஆனால் தேனி மாவட்டத்துக் குரங்கணியில் இருப்பவருக்கு வால்வு ஒரு பிரச்சினையே இல்லை. எடையில்லாத பொருள்; சென்னை ரிச்சி தெருவிலோ பெங்களூர் எஸ்.பி. ரோட்டிலோ வாங்கிப் பஞ்சு சுற்றி அனுப்பினால் போடிக்குக் கூரியரில் வந்துவிடும். சிக்கலெல்லாம் டிரான்ஸ்ஃபார்மரில். கிலோக்கணக்கில் கனம், அனுப்பும் செலவு பொருளின் விலையை எட்டும், நீங்கள் வாங்கிய வால்வுக்குப் பொருந்துமா என்பது வந்து சேர்ந்த பிறகுதான் தெரியும்.

அதனால் வரிசையை மாற்றுங்கள். உங்களைச் சுற்றி என்ன இரும்பு கிடைக்கிறது என்று முதலில் பாருங்கள். அந்த இரும்புக்கு எந்த வால்வு பொருந்துமோ அதை வாங்குங்கள். சர்க்யூட் படம் கடைசி. அழகான ஒரு படத்தைப் பிடித்துக்கொண்டு அதற்கு டிரான்ஸ்ஃபார்மர் தேடி அலைந்தவர்களில் பாதிப் பேர் கட்டி முடிப்பதில்லை.

எதைக் கட்டுகிறோம்

இந்த நூலில் நாம் கட்டுவது ஒரே ஒரு ஈ.எல்.84 வால்வில் ஓடும் மோனோ ஆம்ப்ளிஃபையர். முன்னால் ஈ.சி.சி.83-இல் ஒரு பாதி, பவருக்கு ஈ.இசட்.80 ரெக்டிஃபையர். இதன் மூதாதை இங்கிலாந்தின் முல்லார்டு கம்பெனி 1950-களில் வெளியிட்ட ‘3-3’ என்கிற சர்க்யூட்: மூன்று வால்வு, மூன்று வாட். அதில் முன்வரிசையில் ஈ.எஃப்.86 இருந்தது. அந்த வால்வு நம் பக்கம் கிடைப்பது அரிது, கிடைத்தாலும் தட்டினால் மணி அடிக்கும் ரகமாக இருக்கலாம். ஈ.சி.சி.83 இன்றும் புதிதாகத் தயாராகிறது. ரஷ்யா, ஸ்லோவாக்கியா, சீனா எதிலிருந்து வந்தாலும் நம் வேலைக்குப் போதும்.

மூன்று நான்கு வாட் என்றதும் முகம் சுளிக்க வேண்டாம். 90 டெசிபலுக்கு மேல் சென்சிடிவிட்டி உள்ள ஸ்பீக்கரில் வீட்டு அறை நிறைந்துவிடும். திருவிழாவுக்குக் குழாய் கட்டிப் பாட்டுப் போடப் பயன்பட்ட பெரிய ‘வால்வு செட்’ வேறு சாதி. அதற்குள் 807 போன்ற வால்வுகள் இருக்கும், எச்.டி. (வால்வுக்குக் கொடுக்கும் உயர் வோல்ட்டேஜ் டி.சி.) 400, 500 வோல்ட்டைத் தாண்டும். முதல் ஆம்ப்ளிஃபையராக அதில் கை வைக்காதீர்கள்.

மோனோ ஏன் என்றும் கேட்பீர்கள். சாமான் பாதி, தவறு பாதி. தவிர, தமிழ்ப் படப் பாட்டில் ஸ்டீரியோ வந்ததே 1978-இல் ‘பிரியா’வோடுதான் என்பார்கள், அதற்கு இசையமைத்தவர் நம் மாவட்டத்துப் பண்ணைப்புரத்துக்காரர். அதற்கு முந்தின பாட்டுக்கெல்லாம் இரண்டு ஸ்பீக்கர் வைத்தாலும் இரண்டிலும் ஒன்றேதான் வரும்.

பழைய ரேடியோவுக்குள் என்ன இருக்கிறது

வால்வு ரேடியோ இன்னும் வீட்டுப் பரணில் கிடக்கிறது. மர்ஃபி, பிலிப்ஸ், புஷ், நேஷனல் எக்கோ என்று ஏதாவது ஒன்று. கேபினெட் செல்லரித்து, டயல் கண்ணாடி உடைந்து. ஓடுகிற ரேடியோவைப் பிரிக்காதீர்கள். ஓடாவிட்டாலும் பெட்டி முழுதாக இருந்தால் அதைப் பழுது பார்க்கத் தெரிந்தவரிடம் கொடுத்துவிட்டு, உடைந்த ஒன்றாகப் பார்த்து வாங்குங்கள். நமக்கு வேண்டியது சேசிஸ்.

வாங்குவதற்கு முன் பின்பக்க அட்டையைக் கழற்றி வால்வின் முதல் எழுத்தைப் படியுங்கள். இந்த வேலையில் அதைவிடப் பயனுள்ள படிப்பு இல்லை. ஐரோப்பிய முறையில் முதல் எழுத்து ஃபிலமெண்ட்டைச் சொல்லும். ‘ஈ’ என்றால் 6.3 வோல்ட். ‘யு’ என்றால் 100 மில்லி ஆம்பியர், எல்லா ஃபிலமெண்ட்டும் வரிசையாகக் கோக்கப்பட்டு நேராக மெயின்ஸில் மாட்டியது. ‘பி’ என்றால் 300 மில்லி ஆம்பியர், பழைய டி.வி.யிலிருந்து வந்தது. ‘டி’ என்றால் 1.4 வோல்ட், பேட்டரி செட். அடுத்த எழுத்துகள் வால்வின் வேலையைச் சொல்லும்: ‘சி’ டிரையோடு, ‘எல்’ ஸ்பீக்கரை ஓட்டும் பெண்டோடு, ‘இசட்’ இரட்டை ரெக்டிஃபையர், ‘எம்’ டயலில் பச்சையாக எரியும் மேஜிக் ஐ. ஈ.சி.எச்.81, ஈ.பி.எஃப்.89, ஈ.எல்.84, ஈ.இசட்.80 என்று ஒரு வரிசையைப் பார்த்தால் யோசிக்காமல் எடுத்துக்கொள்ளுங்கள். நமக்கு வேண்டிய பவர் டிரான்ஸ்ஃபார்மர், அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர், இரண்டு வால்வு, சாக்கெட் எல்லாம் அந்த ஒரே சேசிஸில் இருக்கிறது.

யு.சி.எல்.82, யு.ஒய்.85 என்று பார்த்தால் திரும்ப வைத்துவிடுங்கள். அந்த ரகத்தில் பவர் டிரான்ஸ்ஃபார்மரே கிடையாது. மெயின்ஸின் ஒரு கம்பி நேராகச் சேசிஸில் போய் நிற்கும். பிளக்கைத் திருப்பிச் செருகினால் சேசிஸ் முழுதும் ஃபேஸ். அதில் ஆடியோ இன்புட் வைத்து ஃபோனை இணைப்பது ஆளைக் கொல்லும் வேலை. மலைமேல் ஏலத்தோட்டப் பக்கம் கிடைக்கும் செட்டுகளில் இன்னொன்றும் கவனியுங்கள். கரண்ட் வராத காலத்தில் தோட்டங்களில் ஓடியது பேட்டரி ரேடியோ. உள்ளே டி.கே.96, டி.எல்.96 இருக்கும். டி.எல்.96 தரும் ஒலி கால் வாட்டுக்கும் குறைவு. சிலோன் ரேடியோ கேட்க அது போதுமாக இருந்தது, நமக்கு உதவாது. பத்திரமாக மூடி வையுங்கள்.

வால்வின் மேல் ‘பி.இ.எல்.’ என்று இருந்தால் அது பெங்களூர் பாரத் எலக்ட்ரானிக்ஸ் தயாரிப்பு. 1954-இல் தொடங்கிய அந்த அரசு நிறுவனம் பல ஆண்டுகள் ரேடியோ வால்வுகளை லட்சக்கணக்கில் தயாரித்தது. வெளிநாட்டுப் பெயர் பொறித்த வால்வுக்குப் பல மடங்கு விலை கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். புதியவர் அந்தப் போட்டியில் இறங்க வேண்டியதில்லை, பி.இ.எல். ஈ.எல்.84 நல்ல சரக்கு. வாங்கும்போது உச்சியில் உள்ள வெள்ளிப் பூச்சைப் பாருங்கள். கண்ணாடிபோல் பளபளத்தால் சரி. பால் வெள்ளையாக மாறியிருந்தால் காற்றுப் புகுந்துவிட்டது, இலவசமாகக் கொடுத்தாலும் வேண்டாம். மல்டிமீட்டரை 4, 5-ஆம் பின்களில் வைத்தால் ஓரிரு ஓம் காட்ட வேண்டும். எழுத்து அழுக்காக இருக்கிறதே என்று துணியால் துடைத்துவிடாதீர்கள். அழுக்கோடு எழுத்தும் போய்விடும், பிறகு அது என்ன வால்வு என்று யாருக்கும் தெரியாது.

பழைய பவர் டிரான்ஸ்ஃபார்மரின் வயர் நிறத்தை நம்ப வேண்டாம். மீட்டரை ஓமில் வைத்து அளந்தால் தானே பிரிந்துவிடும்: ஃபிலமெண்ட் சுற்று ஏறத்தாழ பூஜ்யம், மெயின்ஸ் சுற்று சில பத்து ஓம், எச்.டி. சுற்று சில நூறு ஓம், அதன் நடுவில் ஒரு சென்டர் டேப். பல மழைக்காலம் பரணில் கிடந்த டிரான்ஸ்ஃபார்மரை அப்படியே மெயின்ஸில் கொடுக்கக் கூடாது. காகித இன்சுலேஷனுக்குள் ஈரம் இருக்கும். தெரிந்தவர் யாராவது ஏலக்காய் ஸ்டோர் வைத்திருந்தால், சூடு 50 டிகிரி பக்கம் நிற்கும் அந்த அறையில் ஓரிரு நாள் ஓரமாக வைக்கச் சொல்லலாம், ஈரம் இறங்கிவிடும். காய் உள்ளே காய்கிற நாளில் கேட்காதீர்கள், வார்னிஷ் வாடை ஏலக்காயில் ஏறினால் உறவு கெடும். பிறகு மோட்டார் கடையில் மெக்கர் வைத்துச் சுற்றுக்கும் இரும்புக்கும் இடையே இன்சுலேஷன் பார்த்துக்கொள்ளுங்கள்.

காயில் கட்டும் கடையில்

ரேடியோ கிடைக்காவிட்டால் கவலையில்லை. போடி, தேனி, சின்னமனூர், கம்பம் என்று கிணற்றுப் பாசனம் உள்ள ஊரிலெல்லாம் மோட்டார் காயில் கட்டும் கடை உண்டு. அவர்களில் பலர் ஒரு காலத்தில் ஸ்டெபிலைசர் டிரான்ஸ்ஃபார்மரும் சுற்றியவர்கள். ஸ்டாம்பிங் (‘ஈ’, ‘ஐ’ வடிவ இரும்புத் தகடு), பாபின், எனாமல் வயர், வார்னிஷ் எல்லாம் அவர்களுக்கு அன்றாடம். நீங்கள் கொண்டுபோக வேண்டியது கணக்கு மட்டும்.

பவர் டிரான்ஸ்ஃபார்மருக்கு ஒன்றே கால் அங்குல நாக்குள்ள ஸ்டாம்பிங்கை ஒன்றே கால் அங்குல உயரத்துக்கு அடுக்கினால் நடுக்காலின் பரப்பு 10 சதுர சென்டிமீட்டர். 45-ஐ இந்தப் பரப்பால் வகுத்தால் ஒரு வோல்ட்டுக்கு நாலரைச் சுற்று. ஆக மெயின்ஸுக்கு 1,035 சுற்று, 28 கேஜ். எச்.டி.க்கு 250-0-250, பளுவில் இறங்குவதற்கு ஐந்து சதவீதம் கூட்டி ஒரு பக்கத்துக்கு 1,180, 36 கேஜ். ஃபிலமெண்ட் 6.3 வோல்ட்டுக்கு 30 சுற்று, 18 கேஜ். ஃபிலமெண்ட் எவ்வளவு இழுக்கும் என்று கூட்டிப் பாருங்கள்: ஈ.எல்.84-க்கு 0.76, ஈ.சி.சி.83-க்கு 0.3, ஈ.இசட்.80-க்கு 0.6, மொத்தம் 1.66 ஆம்பியர். 18 கேஜ் இதைத் தாராளமாகத் தாங்கும். மெயின்ஸில் 210, 230, 250 என்று மூன்று டேப் எடுக்கச் சொல்லுங்கள். எதற்கென்று கடைசியில் சொல்கிறேன்.

அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரில்தான் அவருக்கும் உங்களுக்கும் இடையே பேச்சு வேண்டும். ஈ.எல்.84 பார்க்க விரும்புவது 5,000 ஓம். ஸ்பீக்கர் 8 ஓம். 5,000-ஐ எட்டால் வகுத்தால் 625, அதன் வர்க்கமூலம் 25. ஆகவே ஒன்றுக்கு இருபத்தைந்து. அதே அளவு ஸ்டாம்பிங்கில் பிரைமரி 3,000 சுற்று 36 கேஜ், செகண்டரி 120 சுற்று 22 கேஜ். மொத்தத்தையும் ஒரே மூச்சில் சுற்றாமல் முதலில் 1,500, அதன் மேல் 120, அதற்கும் மேல் மீதி 1,500 என்று சுற்றினால் மேல்ஸ்தாயி மழுங்காது.

பவர் டிரான்ஸ்ஃபார்மருக்கு ஸ்டாம்பிங்கை ஒன்று இந்தப் பக்கம் ஒன்று அந்தப் பக்கமாக மாற்றி மாற்றிச் செருகுவார்கள். அது அவர் கைக்குப் பழக்கம். நீங்கள் சும்மா இருந்தால் இதையும் அப்படியே செருகிவிடுவார். நம் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரில் 48 மில்லி ஆம்பியர் டி.சி. எந்நேரமும் ஒரே திசையில் ஓடிக்கொண்டிருக்கும். இடைவெளி இல்லாத இரும்பு அந்த டி.சி.யிலேயே நிரம்பிவிடும், தவில் ஒலி தகரம் தட்டியதுபோல் வரும். ஆகவே நேராகச் சொல்லுங்கள்: “அண்ணே, இதுல டி.சி. ஓடும். ‘ஈ’யெல்லாம் ஒரு பக்கம், ‘ஐ’யெல்லாம் ஒரு பக்கம் போட்டு நடுவுல நோட்டுப் பேப்பர் ஒத்தைத் தாள் வையுங்க.” அவர் உடனே, “சோக்கு மாதிரிதானே தம்பி?” என்பார். ஆமாம் என்று சொல்லுங்கள். அதே தத்துவம்தான். நோட்டுத் தாள் கனம் 0.1 மில்லிமீட்டர், இந்தக் கணக்குக்கு அதுவே பொருந்துகிறது.

கையில் வந்ததும் சோதியுங்கள். 12 வோல்ட் ஏ.சி.யைப் பிரைமரிக்குக் கொடுத்தால் செகண்டரியில் 0.48 வோல்ட் வர வேண்டும். பழைய ரேடியோவிலிருந்து கழற்றிய, பெயர் தெரியாத அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரையும் இப்படியே கண்டுபிடிக்கலாம்: வந்த விகிதத்தை வர்க்கப்படுத்தி ஸ்பீக்கர் ஓமால் பெருக்கினால் பிரைமரி ஓம். தலைகீழாகக் கொடுத்துவிடாதீர்கள். செகண்டரியில் 6 வோல்ட் கொடுத்தால் மறுபக்கம் 150 வோல்ட் நிற்கும்.

இரும்புக் கடைச் சரக்கு

எச்.டி.யைச் சுத்தப்படுத்த ஒரு ஃபில்டர் சோக் வேண்டும். பழைய காலத்துச் சோக்கைத் தேட வேண்டாம். எல்லாரும் எல்.இ.டி. பேட்டனுக்கு மாறியதில் 40 வாட் டியூப்லைட்டின் கனமான செம்புச் சோக்குகள் பழைய இரும்புக் கடைகளில் குவிந்து கிடக்கின்றன. அதன் அளவு ஒரு ஹென்றி சொச்சம். 100 ஹெர்ட்ஸ் ரீங்காரத்துக்கு அது 600 ஓமுக்கு மேல் தடை. நம் 60 மில்லி ஆம்பியர் டி.சி.க்கோ இரண்டு மூன்று வோல்ட் இழப்புதான். அதே வேலைக்கு 470 ஓம் ரெசிஸ்டர் போட்டால் 28 வோல்ட் சூடாகப் போய்விடும். எடை இல்லாத எலக்ட்ரானிக் சோக் இதற்கு ஆகாது. வாங்கும் முன் முனைக்கும் உறைக்கும் இடையே மெக்கர் பாருங்கள். மாட்டும்போது உறையை எர்த் செய்யுங்கள்.

சவுண்ட் சர்வீஸ்காரர்களிடம் இன்னொரு சரக்கு கிடக்கும். கூம்பு வடிவ ஒலிபெருக்கிக்குக் கெடுபிடி வந்த பிறகு குழாய்களும் அவற்றோடு இருந்த 100 வோல்ட் லைன் டிரான்ஸ்ஃபார்மர்களும் மூலையில் தூங்குகின்றன. நூறின் வர்க்கத்தை 2 வாட்டால் வகுத்தால் 5,000. அதாவது அதன் 2 வாட் டேப் நாம் தேடும் அதே 5,000 ஓம். ஆனால் அதில் காகித இடைவெளி கிடையாது. காயில் கடையில் வேலை முடியும்வரை சர்க்யூட்டைச் சோதித்துப் பார்க்க வைத்துக்கொள்ளலாம். நிரந்தரமாக வைத்தால் கீழ்ஸ்தாயி இருக்காது.

பழைய சேசிஸிலிருந்து கண்டென்சர் எதையும் எடுக்காதீர்கள். மெழுகு பூசிய காகிதக் கண்டென்சர் நம் மழைக்காலங்களுக்குப் பிறகு கண்டென்சராக இருக்காது, லீக் ஆகும். அலுமினிய டப்பா எலக்ட்ரோலிட்டிக் காய்ந்திருக்கும். கார்பன் ரெசிஸ்டர்கள் மதிப்பு ஏறியிருக்கும். இவை மூன்றையும் புதிதாக வாங்குங்கள். மதுரையில் சில்லறையாகவே கிடைக்கும். எலக்ட்ரோலிட்டிக் 450 வோல்ட் தாங்க வேண்டும், கப்ளிங் கண்டென்சர் 630 வோல்ட்.

சேசிஸுக்கு 16 கேஜ் அலுமினியத் தகடு, சாக்கெட் துளை போட லேத் பட்டறை. சுற்றி மரச்சட்டம் வேண்டுமென்றால் தோட்டங்களில் நிழலுக்கு வளர்க்கும் சில்வர் ஓக் பலகை கையில் கிடைக்கும். நன்றாகக் காய்ந்ததா என்று மட்டும் பாருங்கள்.

வயரிங்

துளை போடுவதற்கு முன்பே ஒரு சோதனை. பவர் டிரான்ஸ்ஃபார்மரைத் தகட்டின் மேல் ஒரு ஓரத்தில் வைத்து மெயின்ஸ் கொடுங்கள், எச்.டி., ஃபிலமெண்ட் முனைகளையெல்லாம் முதலில் தனித்தனியாக டேப் சுற்றி மூடிவிட வேண்டும். அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரை எதிலும் இணைக்காமல் அதன் செகண்டரியில் ஹெட்ஃபோனை மாட்டிக் காதில் வையுங்கள். ‘உம்ம்’ என்று கேட்கும். அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரை மெல்லத் திருப்புங்கள். ஒரு கோணத்தில், பெரும்பாலும் செங்குத்தாக நிற்கும்போது, அந்த ரீங்காரம் கிட்டத்தட்ட அடங்கும். அந்த இடத்தில் பென்சிலால் குறித்து அங்கேயே துளை போடுங்கள். வயரிங் முடிந்த பிறகு இந்த ரீங்காரத்தை எந்தக் கண்டென்சராலும் போக்க முடியாது.

சாக்கெட்டைக் கீழிருந்து பார்த்து, இடைவெளிக்கு அடுத்த பின்னிலிருந்து கடிகாரச் சுற்றில் எண்ண வேண்டும். ஈ.எல்.84-இல் 2 கிரிட், 3 கேத்தோடு, 4-5 ஃபிலமெண்ட், 7 ஆனோடு, 9 ஸ்கிரீன். ஈ.சி.சி.83-இல் நாம் பயன்படுத்தும் பாதிக்கு 1 ஆனோடு, 2 கிரிட், 3 கேத்தோடு. ஃபிலமெண்ட்டுக்கு 4-ஐயும் 5-ஐயும் சேர்த்து ஒரு முனை, 9 மறுமுனை. மீதிப் பாதியின் 6, 7, 8 மூன்றையும் எர்த்துக்குக் கொண்டுபோய்விடுங்கள். ஈ.இசட்.80-இல் 1, 7 இரண்டும் ஆனோடு, 3 கேத்தோடு, 4-5 ஃபிலமெண்ட்.

ஃபிலமெண்ட் வயரை நெருக்கமாக முறுக்கிச் சேசிஸின் மூலையோடு ஒட்டி முதலிலேயே போட்டுவிடுங்கள். அதன் இரு முனையிலிருந்தும் ஒவ்வொரு 100 ஓம் சேசிஸுக்கு. எச்.டி. வரிசை: ரெக்டிஃபையர் கேத்தோடு, 47 மைக்ரோஃபாரட், டியூப்லைட் சோக், இன்னொரு 47. முதல் கண்டென்சரை 50-க்கு மேல் பெருக்காதீர்கள், ஈ.இசட்.80 தாங்காது. அங்கிருந்து அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் வழியாக ஈ.எல்.84 ஆனோடுக்கு, 100 ஓம் வழியாக ஸ்கிரீனுக்கு, 22 கிலோ ஓம் வழியாக, 22 மைக்ரோஃபாரட் எர்த்துடன், முன்வால்வுக்கு. முன்வால்வின் ஆனோடில் 100 கிலோ ஓம், கேத்தோடில் 1.5 கிலோ ஓம். அந்தக் கேத்தோடுக்குக் கண்டென்சர் போட வேண்டாம். ஃபோனிலிருந்து வரும் அரை வோல்ட்டுக்கு இந்தப் பெருக்கமே தாராளம், ஒலியும் சுத்தமாக இருக்கும். ஆனோடிலிருந்து 0.1 மைக்ரோஃபாரட் கப்ளிங், ஈ.எல்.84 கிரிட்டில் 470 கிலோ ஓம் எர்த்துக்கு, கிரிட் பின்னிலேயே ஒட்டி 1 கிலோ ஓம் தொடராக. கேத்தோடில் 150 ஓம் 2 வாட், அதற்கு இணையாக 100 மைக்ரோஃபாரட் 25 வோல்ட். இன்புட்டில் 500 கிலோ ஓம் லாக் வாலியூம் கண்ட்ரோல். ஃபோனின் இடது வலது இரண்டையும் நேராக முடிச்சுப் போடாமல் ஆளுக்கு 1 கிலோ ஓம் வழியாகச் சேர்த்து மோனோ ஆக்குங்கள்.

ஈயம் வைக்கத் தகர வேலைக்காரர் பயன்படுத்தும் ஆசிட் வேண்டவே வேண்டாம். அன்றைக்கு நன்றாகப் பிடிக்கும், அடுத்த மழைக்குள் பச்சைப் பிடித்து வயரைத் தின்றுவிடும்.

கரண்ட்

பல வீடுகளில் இப்போது ஆர்.சி.சி.பி. இருக்கிறது, ஷாக் அடித்தால் ட்ரிப் ஆகிவிடும் என்ற தைரியம் இருக்கிறது. இந்த வேலையில் அந்தத் தைரியம் செல்லாது. டிரான்ஸ்ஃபார்மருக்கு மறுபக்கம் 270 வோல்ட் டி.சி.யைத் தொட்டால் மெயின்ஸ் பக்கம் ஃபேஸும் நியூட்ரலும் சமமாகவே ஓடும், ஆர்.சி.சி.பி.க்கு எதுவும் தெரியாது. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கண்டென்சரில் அந்த வோல்ட்டேஜ் நிற்கும். ஆகவே முதல் கண்டென்சருக்கு இணையாக 220 கிலோ ஓம் 2 வாட் ஒன்றை நிரந்தரமாக வைத்துவிடுங்கள். ஒரு நிமிடத்தில் பெரும்பகுதி வடிந்துவிடும். வடிந்ததா என்பதை மீட்டர் வைத்துப் பார்த்த பிறகே உள்ளே கை. ஓடும்போது அளக்க வேண்டியிருந்தால் மீட்டரின் கறுப்பு முனையைச் சேசிஸில் கிளிப் போட்டுவிட்டு ஒரே கையால் அளங்கள், மறு கை முதுகுக்குப் பின்னால். சாரல் அடிக்கிற நாளில் சிமெண்ட் தரையில் வெறுங்காலோடு நிற்க வேண்டாம், பலகை போட்டு அதன் மேல் செருப்போடு நில்லுங்கள். பிளக் மூன்று பின்னாக இருக்கட்டும், எர்த் உண்மையிலேயே எர்த்தாக இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனை வைத்துப் பாருங்கள். மெயின்ஸ் ஃபேஸில் அரை ஆம்பியர் ஃபியூஸ்.

முதல் முறை

60 வாட் குண்டு பல்பு ஒன்றை மெயின்ஸில் சீரிஸாகப் போட்டுக்கொள்ளுங்கள். வால்வு எதுவும் செருகாமல் ஆன் செய்தால் பல்பு லேசாக மினுக்க வேண்டும், அவ்வளவுதான். பிரகாசமாக எரிந்தால் ஷார்ட். சரியாக இருந்தால் ஈ.எல்.84, ஈ.சி.சி.83 இரண்டையும் செருகுங்கள். ரெக்டிஃபையர் இன்னும் வெளியே. ஃபிலமெண்ட் சிவக்கிறதா என்று பாருங்கள். பிறகு ஸ்பீக்கரை மாட்டுங்கள். ஸ்பீக்கர் இல்லாமல் வால்வு ஆம்ப்ளிஃபையரை ஓட்டக் கூடாது; அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் உள்ளே பொறி பறந்து போய்விடும். கடைசியாக ஈ.இசட்.80. எல்லாம் ஒழுங்கு என்றால் பல்பை எடுத்துவிட்டு அளங்கள்.

முதல் கண்டென்சரில் 270 வோல்ட் பக்கம். ஈ.எல்.84 ஆனோடில் 250 சொச்சம். முன்வால்வு ஆனோடில் 150-லிருந்து 175. ஈ.எல்.84-இன் 2-ஆம் பின்னில் பூஜ்யம். இந்தப் பூஜ்யத்தை நன்றாகப் பாருங்கள்: அரை வோல்ட் பாசிட்டிவ் காட்டினாலும் கப்ளிங் கண்டென்சர் லீக். அந்தச் சின்னக் கண்டென்சர் கெட்டால் வால்வு மிதமிஞ்சி இழுத்துச் சிவந்து, கூடவே நீங்கள் காயில் கடையில் காத்திருந்து வாங்கிய டிரான்ஸ்ஃபார்மரையும் எரித்துவிடும். கேத்தோடில் 7-லிருந்து 8 வோல்ட். 7.5 வோல்ட் என்றால், 150 ஓமால் வகுக்க 50 மில்லி ஆம்பியர்; ஸ்கிரீனுக்கு 5 கழித்தால் 45; ஆனோடுக்கும் கேத்தோடுக்கும் இடையே 250 வோல்ட் என்றால் பெருக்கத் தொகை 11.25 வாட். ஈ.எல்.84-இன் எல்லை 12. இந்தக் கணக்கை உங்கள் எண்களை வைத்துப் போட்டு, 12-ஐத் தாண்டினால் கேத்தோடு ரெசிஸ்டரை 180 ஆக்குங்கள்.

மூன்று டேப் கேட்கச் சொன்னது இதற்குத்தான். மலையடிவாரத்து லைனில் மாலை விளக்கு வைக்கும் நேரத்தில் ஒரு வோல்ட்டேஜ், நள்ளிரவில் வேறொன்று. ஒரு வாரம் நேரத்துக்கு நேரம் அளந்து குறித்துக்கொள்ளுங்கள். ஃபிலமெண்ட் 6-க்கும் 6.6-க்கும் இடையே நிற்கும்படி டேப்பைத் தேர்ந்தெடுங்கள். ஏற்ற இறக்கம் அதற்கும் அடங்காவிட்டால் டி.வி.க்கு வைத்திருக்கும் ஸ்டெபிலைசரில் மாட்டுங்கள். மழைக்காலத்தில் வாரத்துக்கு இரண்டு மூன்று முறையாவது ஒரு மணி நேரம் ஓட்டினால் தன் சூட்டிலேயே உள்ளே உலர்ந்து இருக்கும். கோடை பண்பலையைப் போட்டுவிட்டு உங்கள் வேலையைப் பார்க்கலாம்.

சிறிது காலம் ஓடிய பிறகு ஸ்டீரியோ ஆசை வரும். இதே பவர் டிரான்ஸ்ஃபார்மரில் இன்னொரு ஈ.எல்.84-ஐத் தொங்கவிடாதீர்கள். 60 மில்லி ஆம்பியர் 110-ஐத் தாண்டும், ஈ.இசட்.80 கொடுப்பது 90. தனியாக இன்னொரு முழு மோனோவே கட்டிவிடுங்கள். சுற்றுக் கணக்கு காயில் கடைக்காரரின் நோட்டில் இருக்கும். ஸ்டாம்பிங்கை மட்டும் முதல் டிரான்ஸ்ஃபார்மருக்கு எடுத்த அதே கட்டிலிருந்து எடுக்கச் சொல்லுங்கள்.